ஒரு மணி நேரம் நடந்தாச்சு... ரெண்டு வடை சாப்பிடலாமா? எரித்த கலோரியும் திரும்பச் சாப்பிடும் கணக்கும்

புதுச்சேரி பீச் ரோட்டில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. அந்த நேரத்தில் கூபேர் அவென்யூ முழுக்க நடப்பவர்கள் ராஜ்ஜியம்தான். காந்தி சிலை, பழைய லைட் ஹவுஸ், பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம் என ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு வேக நடை, மெது ஓட்டம், அரட்டை நடை என எல்லா வகையும் உண்டு. பாதிப் பேர் கையில் ஸ்மார்ட் வாட்ச். நடை முடிந்ததும் அது '310 கலோரி எரித்துவிட்டீர்கள்' என்று பாராட்டும். போனில் இருக்கும் டயட் ஆப்போ ஒரு படி மேலே போய், 'இன்று உங்களுக்குக் கூடுதலாக 310 கலோரி பாக்கி இருக்கிறது' என்று சொல்லும்.

அங்கேதான் கேள்வி வருகிறது. எடை குறைக்கத்தானே நடக்கிறோம்? எரித்ததைத் திரும்பச் சாப்பிட்டா நடந்ததே வீண்தானே? சாப்பிடாம விட்டா உடம்பு சோர்ந்துடாதா?

சுருக்கமான பதில் இதுதான். தினமும் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ நடப்பவர்கள் அதற்காகத் தனியாக எதுவும் சாப்பிட வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கடினமான பயிற்சி செய்பவர்கள், வாட்ச் காட்டும் எண்ணில் பாதி வரை சாப்பிடலாம். சிலர் மட்டும் கண்டிப்பாகச் சாப்பிட்டே ஆக வேண்டும். ஏன் இப்படி என்று விவரமாகப் பார்ப்போம்.

புதுச்சேரிக்கு இது ஏன் முக்கியம்?

ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின் முழு முடிவுகள் 2023-ல் வெளியாகின. 2008 முதல் 2020 வரை, 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு இது. சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இதை ஒருங்கிணைத்தது. அதில் உடல்பருமன் அதிகம் உள்ள இடமாக வந்தது புதுச்சேரி: 53.3 சதவிகிதம். இந்திய அளவு 28.6 சதவிகிதம்தான். தொப்பை என்று நாம் சொல்லும் வயிற்றுப் பருமன், புதுச்சேரியில் 61.2 சதவிகிதம், இந்திய அளவில் 39.5. சர்க்கரை நோயிலும் கோவாவுக்கு (26.4) அடுத்து மயிரிழையில் புதுச்சேரி (26.3) நிற்கிறது.

ஆக, பீச்சில் நடக்கும் பலருக்கு அது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. 'எடையைக் குறைங்க' என்று டாக்டர் சொல்லி வந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் மூன்று மாதம் விடாமல் நடந்தும் எடை மெஷினில் முள் அசையவில்லை என்றால், 'எனக்கு இதெல்லாம் செட் ஆகாது' என்று நடையையே விட்டுவிடுகிறார்கள். நடையை விட்டால் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் கிடைத்துக்கொண்டிருந்த நன்மையும் சேர்ந்தே போய்விடும். கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்வது இதற்காகத்தான்.

கலோரி என்றால் என்ன?

கலோரி என்ற சொல்லே பிரான்ஸில் பிறந்ததுதான். 1820-களில் பாரிஸில் நிக்கோலா கிளெமான் தன் வகுப்புகளில் வெப்பத்தை அளக்கும் அலகாக இதைப் பயன்படுத்தினார். அதற்கு முன்பே, லவாய்சியர் என்ற பிரெஞ்சு வேதியியல் அறிஞர், நாம் மூச்சுவிடுவதும் ஒருவகையில் மெதுவாக எரிவதுதான் என்று காட்டியிருந்தார். சும்மா இருக்கும்போதும், சாப்பிட்ட பிறகும், வேலை செய்யும்போதும் ஒருவர் எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறார் என்று தன் உதவியாளரை வைத்தே அளந்தவர் அவர்.

இன்றைய கணக்குக்கும் அந்த உண்மைதான் அடிப்படை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு எரிந்துகொண்டே இருக்கிறது. இதயம், மூளை, கல்லீரல் எல்லாம் வேலை செய்ய எரிபொருள் வேண்டும். தோராயமாக, ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு 1 கலோரி. (பேச்சுவழக்கில் கலோரி என்று நாம் சொல்வது கிலோ கலோரியைத்தான்.) 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் டி.வி பார்த்தாலும் சுமார் 70 கலோரி செலவாகும். இதை மனசுல வெச்சுக்கோங்க, அடுத்து தேவைப்படும்.

வாட்ச் சொல்வது எல்லாம் உண்மையா?

மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது, சும்மா இருப்பதைவிட மூன்றரை மடங்கு எரிபொருள் கேட்கும் வேலை. 70 கிலோ உள்ளவருக்கு ஒரு மணி நேரத்தில் 70 x 3.5 = 245 கலோரி. ஆனால், நடக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் 70 செலவாகியிருக்குமே? அதைக் கழித்தால் நடையால் கிடைத்த உண்மையான லாபம் 175 கலோரி மட்டும்தான். பல வாட்ச்களும் ஜிம்மில் உள்ள டிரெட்மில்களும் இதைக் கழிக்காமல் மொத்தத்தைத்தான் காட்டுகின்றன.

அடுத்தது, அளவீட்டுப் பிழை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் மணிக்கட்டில் கட்டும் 7 வகைக் கருவிகளை 60 பேரிடம் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். இதயத் துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் 5 சதவிகிதப் பிழைக்குள் சரியாகச் சொல்லின. கலோரிக் கணக்கில்தான் கோட்டை விட்டன. இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரியாக 27 சதவிகிதம் தவறியது. மோசமான கருவி 93 சதவிகிதம்! கருவிகள் அதற்குப் பிறகு முன்னேறியிருக்கலாம். ஆனாலும் துடிப்பையும் கை அசைவையும் வைத்துக் கலோரியை ஊகிப்பதுதான் அவற்றின் வழி. அது ஊகம்தான், அளவீடு அல்ல.

245 என்ற எண்ணை 27 சதவிகிதம் கூட்டிச் சொன்னால் 310 வரும். உண்மையான லாபம் 175. வாட்ச் காட்டுவது 310. இந்த இடைவெளிதான் நம் தட்டில் வந்து விழுகிறது.

பாதி என்ற விதி எங்கிருந்து வந்தது?

ஓர் உதாரணம். 42 வயது, 70 கிலோ எடை, 158 சென்டிமீட்டர் உயரம், ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. இப்படி ஒரு பெண் எடை கூடாமல் குறையாமல் இருக்க நாளொன்றுக்குச் சுமார் 1,850 கலோரி போதும். எடையைக் குறைக்க 400 கலோரியைக் குறைத்து 1,450 சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறார்.

* நடைக்காகக் கூடுதலாக எதுவும் சாப்பிடவில்லை: 400 + 175 = தினமும் 575 கலோரி பற்றாக்குறை. வாரத்துக்குச் சுமார் 4,000.

* வாட்ச் சொன்ன 310-ஐ முழுசாகச் சாப்பிட்டார்: 575 - 310 = 265. வாரத்துக்குச் சுமார் 1,850 மட்டுமே.

* வாட்ச் சொன்னதில் பாதி, அதாவது 155 சாப்பிட்டார்: 575 - 155 = 420. முதலில் போட்ட 400 கலோரித் திட்டம் அப்படியே நிற்கிறது.

ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7,700 கலோரி என்பார்கள். அந்தக் கணக்கில் முதல் வழியில் வாரத்துக்கு அரை கிலோ, இரண்டாவது வழியில் கால் கிலோவுக்கும் கீழே. நடக்காமல் 1,450 மட்டும் சாப்பிட்டிருந்தால்கூட 400 பற்றாக்குறை இருந்திருக்கும். நடந்து, வாட்சை நம்பிச் சாப்பிட்டதால் அது 265 ஆகிவிட்டது. நடக்காமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறதல்லவா? 'நடந்தும் குறையலையே' என்ற புலம்பலுக்கு முக்கியக் காரணம் இதுதான். மூன்றாவது வழியைப் பாருங்கள். வாட்ச் காட்டுவதில் பாதி, உண்மையான லாபத்துக்கு ஏறக்குறைய பக்கத்தில் வருகிறது. 'பாதி சாப்பிடுங்கள்' என்ற விதி பிழைக்கக் காரணம் அவ்வளவுதான்.

உடம்பு செய்யும் கஞ்சத்தனம்

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பயிற்சியில் செலவழித்ததை உடம்பு வேறு எங்காவது மிச்சம் பிடிக்கப் பார்க்கும். 2021-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் வந்த ஆய்வு 1,754 பேரின் தரவுகளை அலசியது. உடல் உழைப்பில் கூடுதலாகச் செலவாகும் கலோரியில் சராசரியாக 28 சதவிகிதத்தை உடம்பு மற்ற வேலைகளில் குறைத்து ஈடுகட்டிக்கொள்கிறது என்பது அதன் மதிப்பீடு. அதாவது நூறு எரித்தால் நாள் கணக்கில் கூடுவது 72 போல.

இது உள்ளே நடக்கும் சங்கதி. வெளியே நாமே செய்யும் கஞ்சத்தனம் தனி. 'காலையிலேயே நடந்தாச்சு' என்ற நினைப்பில் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போக வேண்டியவர் வண்டியை எடுப்பார். லிஃப்ட்டில் ஏறுவார். மதியம் கூடுதலாக ஒரு மணி நேரம் படுப்பார். காலையில் சம்பாதித்ததில் ஒரு பகுதி அப்படியே கரைந்துவிடும்.

ஒரே நடையை ரெண்டு தடவை எண்ணாதீங்க

ஆப்பில் கணக்குத் தொடங்கும்போது 'உங்கள் உழைப்பு எப்படி?' என்று கேட்கும். தினமும் நடக்கிறோமே என்று பலர் 'நடுத்தர உழைப்பு' என்று அழுத்திவிடுவார்கள். அந்த நொடியிலேயே நடையின் கலோரி உங்கள் அன்றாட ஒதுக்கீட்டில் சேர்ந்துவிடும். பிறகு தினமும் வாட்ச் சொல்வதையும் கூட்டினால் அது இரட்டைக் கணக்கு.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள். 55 கிலோ பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் நாளுக்கு 1,660 கலோரி. நடுத்தர உழைப்பு என்றால் 2,130. வித்தியாசம் 470. அதே பெண் ஒரு மணி நேரம் நடந்தால் கிடைக்கும் நிகர லாபம் சுமார் 137 கலோரிதான். அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மணி நேர நடை நம்மை 'நடுத்தர உழைப்பாளி' ஆக்கிவிடாது.

65 கிலோ ஆணுக்கு அந்த நிறுவனம் சொல்லும் அளவு: உட்கார்ந்த வேலைக்கு 2,110, நடுத்தர உழைப்புக்கு 2,710, கடின உழைப்புக்கு 3,470. வைத்திக்குப்பத்திலோ வீராம்பட்டினத்திலோ வலை இழுப்பவருக்கும், பீச்சில் நடந்துவிட்டு ஆபீஸ் போகிறவருக்கும் ஒரே சாப்பாடு பொருந்தாது. அவர் தட்டில் குவியும் சோறு அவர் வேலைக்கு வேண்டியது. அதைப் பார்த்து நாம் அளவு போட முடியாது.

ஆப்பில் 'உட்கார்ந்த வேலை' என்று வையுங்கள். பயிற்சியைத் தனியாகக் கணக்கிடுங்கள். அல்லது பயிற்சியையும் சேர்த்து ஒரே ஒதுக்கீடு வைத்துக்கொண்டு வாட்சை மறந்துவிடுங்கள். இரண்டில் ஒன்றுதான்.

நீங்களே போடக்கூடிய கணக்கு

உங்கள் எடையைக் கீழே உள்ள எண்ணால் பெருக்கினால், ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் நிகர கலோரி வரும். எல்லாமே தோராயம்தான்.

* வேக நடை (மணிக்கு 5 கி.மீ): 2.5

* யோகாசனம்: 1.5

* நிதான சைக்கிள்: 3

* ஷட்டில்: 4.5

* நீச்சல் (நடுத்தர வேகம்): 4.8

* மெது ஓட்டம் (மணிக்கு 8 கி.மீ): 7.3

70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் ஓடினால் 70 x 7.3 = 511, அதில் பாதி சுமார் 255. ஒரு மணி நேர நடையைவிட அதிகம். ஆனால் பழக்கமில்லாதவர், மூட்டு வலி உள்ளவர், எடை மிக அதிகம் உள்ளவர் எல்லோரும் உடனே ஓட ஆரம்பிக்கக் கூடாது. நடையில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும்.

இப்போது தட்டின் பக்கம். அளவையும் எண்ணெயையும் பொறுத்து இவை மாறும்.

* இட்லி 1: 60 - 70

* மெதுவடை 1: 100 - 150

* சர்க்கரை போட்ட பால் காபி ஒரு டம்ளர்: 80 - 100

* பரோட்டா 1: 200 - 300

* பேக்கரி க்ரோசான் 1: 230 - 270

* கொண்டைக்கடலை சுண்டல் அரை கப்: 130 - 150

* வேகவைத்த முட்டை 1: 70 - 80

* வாழைப்பழம் (நடுத்தரம்) 1: சுமார் 100

* இளநீர் ஒரு டம்ளர்: 40 - 60

* பீர் பெரிய பாட்டில் (650 மி.லி): 250 - 300

ஒரு வடை, ஒரு காபி. ஒரு மணி நேர நடையின் 175 அதிலேயே முடிந்துபோகும். அப்ப காலம் முழுக்க வடையே சாப்பிடக் கூடாதா? அப்படி இல்லை. வடை சாப்பிடுகிற நாளில் இட்லியில் இரண்டைக் குறையுங்கள். நடந்ததற்குப் பரிசாக வடை என்ற பழக்கம்தான் வேண்டாம். வார இறுதியில் மது அருந்துபவர்களும் கவனிக்க வேண்டும். ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி, அதில் சத்து எதுவும் இல்லை. தொட்டுக்கொள்ளும் சைடு டிஷ் கணக்கு தனி.

யார், எவ்வளவு சாப்பிடலாம்?

ஒரு மணி நேரத்துக்குள் நடை, யோகா, நிதான சைக்கிள்: கூடுதல் உணவு தேவையில்லை. தண்ணீர் குடியுங்கள். கடற்கரைப் புழுக்கத்தில் நன்றாக வியர்க்கும். உப்புப் போடாத மோரோ எலுமிச்சைச் சாறோ போதும், சர்க்கரை வேண்டாம். அடுத்த வேளை சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் நேரத்துக்குச் சாப்பிட்டால் சரி.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம், கால்பந்து, வேக சைக்கிள், எடை தூக்கும் பயிற்சி: வாட்ச் காட்டுவதில் பாதி வரை. அதுவும் பசித்தால். முட்டை, சுண்டல், பயறு, தயிர் என்று புரதம் உள்ளதாகவும், கூடவே ஒரு பழமும் இருக்கட்டும். எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையும். அதைத் தடுக்கப் புரதமும் எடைப் பயிற்சியும் தேவை.

மராத்தான் போன்ற நீண்ட தூரப் பயிற்சி: நன்றாகச் சாப்பிட வேண்டும். உச்சப் பயிற்சியும் கடும் டயட்டும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

இவர்கள் சாப்பிட்டே ஆக வேண்டும்

இன்சுலின் போடுபவர்கள், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சிக்குப் பிறகு உணவைத் தவிர்க்கவே கூடாது. ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். கை நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் நடையை நிறுத்துங்கள். சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போது கலோரிக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. நடக்கப் போகும்போது பாக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கட்டும். எடை குறையக் குறைய மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், விளையாட்டில் இருக்கும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் ஆகியோருக்கும் இந்த 'சாப்பிடாதே' விதி பொருந்தாது. குறிப்பாக ஓட்டம், நீச்சல் என்று பயிற்சி எடுக்கும் பெண் பிள்ளைகள். எரிப்பதற்கு ஏற்ப சாப்பிடாவிட்டால் மாதவிலக்கு நின்றுபோகலாம், எலும்பு பலவீனமாகலாம். ஆண்களுக்கும் பாதிப்பு உண்டு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கெனத் தனிப் பெயரே வைத்து எச்சரிக்கை வெளியிட்டது.

எடை குறைப்பவர் யாராக இருந்தாலும், வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைவது, முடி கொட்டுவது, தூக்கம் கெடுவது, எப்போதும் குளிர்வது, ராத்திரியில் அடக்க முடியாத பசி எடுப்பது எல்லாம் சாப்பாடு போதவில்லை என்பதற்கான அறிகுறிகள். உடனே உணவைக் கூட்டுங்கள், டாக்டரையும் பாருங்கள்.

அப்போ எதுக்கு நடக்கணும்?

'175 கலோரிக்காகவா இவ்வளவு சிரமம்? அந்த ஒரு வடையைச் சாப்பிடாமலே இருந்துடலாமே?' நியாயமான கேள்விதான். எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு தட்டுக்குத்தான். ஆனால் எடை குறையாத வாரத்திலும் நடை வேலை செய்கிறது. ரத்த அழுத்தம் குறைகிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறும் வேகம் குறையும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி.

இன்னொன்று, குறைத்த எடை திரும்ப ஏறாமல் இருப்பதற்குத்தான் நடை அதிகம் உதவுகிறது. எடையைக் குறைத்து, அதைத் தக்கவைத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் பதிவு செய்துவருகிறார்கள். அவர்கள் சராசரியாகத் தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்கள்.

நாலு வாரம் சோதிச்சுப் பாருங்க

ஆப் சொல்வதையும் நாம் சொல்வதையும்விட உங்கள் உடம்பு சொல்வதுதான் சரியான கணக்கு.

* காலையில் எழுந்து, கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் பார்த்துச் சராசரி எடுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான்.

* வாரம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவை அளந்து எழுதுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதுதான் நமக்கான எல்லை.

* முதல் நாலு வாரம் நடைக்காகக் கூடுதலாக எதுவும் சாப்பிடாதீர்கள்.

* வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ குறைந்து, சோர்வும் இல்லை என்றால் எதையும் மாற்ற வேண்டாம்.

* அதைவிட வேகமாகக் குறைந்து களைப்பாக இருந்தால் தினமும் 150 கலோரி கூட்டுங்கள். ஒரு முட்டையும் ஒரு சின்ன வாழைப்பழமும் போதும்.

* நாலு வாரமாகியும் எடையும் இடுப்பும் அப்படியே இருந்தால், நடையைக் கூட்டும் முன் தட்டைப் பாருங்கள். எண்ணெய், நொறுக்குத்தீனி, ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று ஒரு வாரம் எழுதிப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். அப்படியும் புரியவில்லை என்றால் தைராய்டு போன்ற பரிசோதனைகளுக்கு டாக்டரிடம் போகலாம்.

வாட்ச் எத்தனை நிமிடம் நடந்தீர்கள், துடிப்பு எவ்வளவு என்று சொன்னால் நம்பலாம். எவ்வளவு சாப்பிடலாம் என்று சொன்னால் மட்டும் பாதியாக்கிக் கேட்டுக்கோங்க!